சுவரில் இடம் மாறிய நாலும் எட்டும்

கணக்கு டீச்சர் வாயில் வரவே கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்று நான் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக நம்பிக்கொண்டிருந்தேன். "எனக்குத் தெரியாது" என்பதுதான் அது. தெரியாத கணக்கை யாராவது கொண்டுவந்து நீட்டினால், "நாளைக்குச் சொல்றேன், முதல்ல வீட்டுப்பாடத்தை முடிச்சியா?" என்று அதட்டித் தப்பித்துக்கொள்வேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் இதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நானும் செய்தவள்தான். பாடக்குறிப்பு எழுதுவது, பதிவேடு வைப்பது எல்லாவற்றையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். அந்த ஒரு வார்த்தையை மாவட்டக் கல்வி அதிகாரி முன்னால், மைக்கில், ஊரே கேட்கச் சொன்ன நாளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. மாரண்டஹள்ளியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகிற ஒரு கிராமத்தில், அரசு மேல்நிலைப் பள்ளி. தக்காளியும் மாங்காயும் விளைகிற ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற ஜனங்கள். ப்ளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவுக்கு மட்டும் வருஷா வருஷம் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அந்த மே மாதம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

"டீச்சர், இந்த வருசம் பதினஞ்சு பேராவது சேரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இல்லீன்னா கணக்கு குரூப்பை மூடிருவாங்க. உங்க போஸ்ட் சர்ப்ளஸ் ஆயிரும்."

"இப்ப எத்தனை பேர் கேட்டிருக்காங்க?"

"ஆறு."

என்னை எங்கே தூக்கிப் போட்டாலும் நான் போய்ப் பாடம் நடத்துவேன், அதில் எனக்குக் கவலையில்லை. ஆனால் பிரிவை மூடிவிட்டால், கணக்குப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை பாலக்கோடு போக வேண்டும். பையன்களை அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளை இரண்டு பஸ் மாற்றி யார் அனுப்புவார்கள்? இருக்கிற பிரிவில் எதிலாவது சேர்த்துவிட்டு, "புள்ளைக்கு இது போதும்" என்பார்கள். அந்த ஊரில் ஒரு பெண் இன்ஜினியர் ஆவதற்கான கதவு மூடிக்கொள்ளும்.

தேர்வு முடிவு வந்த வாரம் பத்தாம் வகுப்புப் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்குப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெரிய எண்ணை எழுதித் திறப்பு விழா நடத்தலாம் என்பது என் யோசனை. சினிமா போஸ்டர் ஒட்டுகிற சுவரில் ஓர் எண் இருந்துவிட்டுப் போகட்டுமே!

நான் தேர்ந்தெடுத்த எண் 2147483647. இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேல். ஒன்றை இரட்டித்துக்கொண்டே போங்கள்: இரண்டு, நான்கு, எட்டு என்று. முப்பத்தொரு முறை இரட்டித்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். பல கம்ப்யூட்டர்களில் எண்ணிக்கை இந்த எண்ணில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக இது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் வகுபடுமே தவிர, வேறு எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வரும். இருநூறு வருஷத்துக்கும் முன்னால், கண்பார்வை போன ஒரு மனிதர், மெஷின் ஏதுமில்லாமல் இதை நிரூபித்தார். இதைச் சொன்னால் பெற்றோர்கள் வாய் பிளந்து பிள்ளைகளைக் கணக்கில் கொண்டுவந்து தள்ளுவார்கள் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மோசமான கணக்குகளில் அதுவும் ஒன்று.

சுவர் எழுத வந்தவர் கிருஷ்ணப்பா. கட்சி விளம்பரம், உரக் கம்பெனி விளம்பரம், கோயில் போர்டு எல்லாம் எழுதுகிறவர். துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி அவர் கையில் கொடுத்தேன். மேலே "இது ஒரு பகா எண்", கீழே எண். ஓர் இலக்கம் என் இடுப்பு உயரம் இருக்க வேண்டும் என்றேன். முதல் நாள் மாலை நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடிவிட்டேன். எழுதி முடித்ததை நின்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான், கிருஷ்ணப்பா மேல் பழி போட மாட்டேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறேன். மஞ்சள் சுவரில் சிவப்பு எழுத்தில் எண் ஜொலிக்கிறது. பெருமையோடு வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு, எட்டு... நின்றுவிட்டேன். ஏழுக்கு அடுத்து நாலு அல்லவா வர வேண்டும்? நாலும் எட்டும் இடம் மாறியிருந்தன. சுவரில் இருந்தது 2147843647.

"கிருஷ்ணப்பா!" நான் போட்ட சத்தத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வந்து சீட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அம்மா, நாங்க ஒரே பக்கமா எழுதிக்கினு போனா கடைசி எழுத்துக்கு எடம் பத்தாதுங்க. அதனால ரெண்டு ஓரத்துல இருந்தும் நடுவுக்கு வருவோம். சீட்டுலயும் ரெண்டு பக்கமா அடிச்சிக்கினே வந்தன். கடைசியா நடுவுல ரெண்டு எடம் நின்னுச்சு, ரெண்டு நம்பர் நின்னுச்சு. வெளிச்சம் போயிடுச்சுங்க, மாத்திப் போட்டுட்டனாட்ட இருக்குது."

"இப்ப மாத்த முடியுமா?"

"நாலை எட்டாக்கிடலாங்க. எட்டை எப்புடி நாலாக்கறது? மஞ்சள் அடிச்சுக் காய வைக்கணும், மதியம் ஆயிரும்."

திறப்பு விழாவுக்கு வரும் கல்வி அதிகாரியின் வண்டி பாலக்கோடு தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்தது. தலைமையாசிரியர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது, உடனே தேறிக்கொண்டார். "டீச்சர், யாருக்குங்க தெரியப் போவுது? பத்து நம்பர் இருக்குது. அதிகாரி என்ன உக்காந்து வகுத்தா பாக்கப் போறாரு? கம்முனு இருங்க. நானும் கம்முனு இருக்கறன்."

இதற்கு நடுவில்தான் கோவிந்தம்மா வந்தார். மகள் சங்கீதாவைக் கூட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தார். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண் சங்கீதாவுக்குத்தான். கோவிந்தம்மாவுக்குத் தக்காளி மண்டியில் பழம் பிரிக்கிற வேலை.

"டீச்சர், அப்பறம் பேச்சு மாறக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடறன். புள்ளைய கணக்குல மட்டும் சேக்க மாட்டம்ங்க. எங்க வூட்டுல கணக்கு யாருக்கும் வராது. நான் எட்டாவதுல கணக்குல பெயிலாப் போயித்தான் வூட்டோட நின்னன். இதுவும் அங்கதான் போயி முட்டும்."

சங்கீதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது, அந்தம்மா மேல் இல்லை, எட்டாம் வகுப்பில் அவருக்குப் பாடம் எடுத்த புண்ணியவான் மேல். "அப்பறம் பேசலாம்மா, உக்காருங்க" என்றேன்.

எனக்கு இருந்தது அரை மணி நேரம். பேசாமல் இருந்துவிடலாமா? மூன்று வருஷம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். பகா எண்ணா இல்லையா என்று தெரியாத ஒன்றைப் பகா எண் என்று சொல்லிப் பிள்ளை பிடிப்பதா? இடம் மாறிய எண்ணும் தப்பித் தவறிப் பகா எண்ணாகவே இருந்துவிட்டால்? அந்த நப்பாசையில் ஒரு துண்டுத்தாளில் பார்த்தேன். ஒற்றைப்படை. ஐந்தில் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, ஆகவே மூன்றால் போகாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி உண்டே, வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று கூட்டி, வித்தியாசம் பார்ப்பது. 647ம் 147ம் 794. 843ம் 2ம் 845. வித்தியாசம் 51. அது ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதனாலும் போகாது. அடுத்துப் பதினேழு. அதற்கு மேல் நாற்பத்தாறாயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நான் ஒருத்தி எத்தனை வகுப்பேன்?

அப்போதுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். ஷாமியானாவுக்குள் நூறு பேர் சும்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்பு அறையில் ஐந்நூறு வரையுள்ள பகா எண்களின் சார்ட் தொங்கியது. அதைக் கழற்றி வரச் சொன்னேன். பதினேழிலிருந்து தொடங்கினால் மொத்தம் எண்பத்தொன்பது எண்கள். ஒரு தாளுக்கு ஓர் எண் என்று எழுத மாணவிகளை உட்கார வைத்தேன். கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு, "மேல இருக்கற 'பகா எண்' வரிக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க. பெருசா" என்றேன்.

"அது ஒரு நிமிச வேலைங்க" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

தலைமையாசிரியருக்கு அழுகையே வந்துவிட்டது. "டீச்சர், எல்லாரும் வகுத்தும் ஒன்னும் கெடைக்கலீன்னா?"

நியாயமான கேள்வி. ஐந்நூறுக்குள் ஒரு காரணி இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான், கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் நூறு பேர் வெயிலில் வகுத்துக் களைத்து, "இதுக்குத்தான் கணக்கே வேண்டாங்கறது" என்று எழுந்து போவார்கள். ஆறு பேர் நான்காகிவிடுவார்கள். தெரிந்துதான் இறங்கினேன்.

அதிகாரி வந்தார், மாலை போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். மைக் என் கைக்கு வந்தது.

"அய்யா, பெத்தவங்களே, இந்தச் சுவத்துல நான் எழுதச் சொன்ன எண் வேற. ரெண்டு இலக்கம் இடம் மாறிப்போச்சு. நான் நின்னு பாக்காம போனேன், அது என் தப்பு. நான் எழுதச் சொன்னது பகா எண். இப்ப இருக்கறது பகா எண்ணா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பதிமூணு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன், மீதி இல்லாம போகலை. மிச்சத்த நீங்கதான் பாத்துச் சொல்லணும். ஆளுக்கு ஒரு எண் தர்றேன். சுவத்துல இருக்கறத அந்த எண்ணால வகுங்க. மீதி வந்தா எவ்வளவுன்னு எழுதுங்க. மீதி வராதவங்க கையைத் தூக்குங்க. பிள்ளைங்க யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாது."

கூட்டத்தில் யாரோ, "நாங்க பரீச்சை எழுத வந்தமா?" என்றார். சிரிப்பு எழுந்தது. அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார். "எனக்கு எந்த நம்பர், டீச்சர்?"

அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அவர் கை நீட்டியதும் மொத்தக் கூட்டமும் கை நீட்டிவிட்டது.

முன்வரிசையில் எட்டு நாற்காலி. அதிகாரிக்குப் பதினேழு, தலைமையாசிரியருக்குப் பத்தொன்பது, பக்கத்தில் ஊராட்சித் தலைவருக்கு இருபத்து மூன்று என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். பிறகு பெற்றோர்கள். தாளை மடியில் வைத்து, சுவரைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். மீசை நரைத்த விவசாயிகள் உதட்டுக்குள் வாய்ப்பாடு முணுமுணுத்தார்கள். ஒருவர் தெலுங்கில் பெருக்கித் தமிழில் கழித்தார். முப்பது வருஷமாக வகுப்பறையில் நான் கேட்காத அமைதி அந்த ஷாமியானாவுக்குள் இருந்தது.

"பதினாறு மீதி" என்றார் அதிகாரி.

"எனக்கு ஒம்போதுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"எனக்கும் ஒம்போதுதான்" என்றார் ஊராட்சித் தலைவர்.

"வேற வேற நம்பர், ரெண்டு பேருக்கும் எப்படிங்க ஒம்போது வரும்? எச்.எம்.மைப் பாத்து எழுதிட்டாரு தலைவரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே கூச்சல். இருவர் தாளையும் வாங்கிப் பார்த்தேன், இரண்டும் சரி. அதை மைக்கில் அறிவித்ததும் தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். இருபத்தொன்பது வைத்திருந்தவர் தொடையில் அடித்துக்கொண்டார். "ஒன்னே ஒன்னுல போச்சே!"

மீதிகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் கையும் மேலே எழவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். இரண்டாவது வரிசையின் முதல் நாற்காலியில் கோவிந்தம்மா தாளை நான்காக மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சும்மா? முடிக்கலையா?"

"விடுங்க டீச்சர். எனக்கு வராதுன்னு காலைலயே சொன்னன் இல்ல? எல்லாருக்கும் மீதி வருது, எனக்கு மட்டும் ஒன்னும் வர மாட்டீங்குது. ரெண்டு தடவ போட்டுட்டன். எங்கயோ தப்புப் பண்றனுங்க."

"குடுங்க" என்றேன். கொடுக்க மறுத்தார். ஏறக்குறையப் பிடுங்கினேன்.

அவருக்குப் போயிருந்த எண் நாற்பத்தேழு. சீட்டைக் கொடுத்தபோது எந்த எண் யாருக்குப் போகிறது என்று நான் பார்க்கவில்லை, வரிசையில் அந்த நாற்காலிக்கு அது வந்தது, அவ்வளவுதான். மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். 214க்கு 4. 267க்கு 5. 328க்கு 6. 464க்கு 9. 413க்கு 8. பிறகு 376, அதில் எட்டு முறை சரியாகப் போய்விடுகிறது. அடுத்து 4 இறங்குகிறது. அதில் நாற்பத்தேழு போகாது, ஈவில் ஒரு சைபர் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை இறக்க வேண்டும். நீங்கள் விடைத்தாள் திருத்தும்போது பார்ப்பீர்கள், பாதிப் பேர் அந்த சைபரை விழுங்கிவிடுவார்கள். கோவிந்தம்மா போட்டிருந்தார். அழுத்தி, வட்டமாக. கடைசி 7 இறங்க, 47. ஒரு முறை. மீதி இல்லை.

"அய்யா!" என்று கத்தினேன். மைக் கையில் இருப்பதே மறந்துபோயிருந்தது, ஸ்பீக்கர் வீலென்று அலறியது. "அய்யா, இங்க வந்து பாருங்க!"

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா தப்பாப் போட்டிருப்பாங்க டீச்சர்" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துகொண்டார். அதிகாரி அழைப்பிதழைத் திருப்பி வைத்து, ஈவாக வந்த 4,56,98,801ஐ நாற்பத்தேழால் பெருக்கினார். நிதானமான மனிதர், ஒவ்வொரு இலக்கமாக எழுதினார். கூட்டி முடித்து, வந்ததைச் சுவரோடு இலக்கம் இலக்கமாக வாய்விட்டு ஒப்பிட்டார். "...ஆறு, நாலு, ஏழு. சரி. அம்மா, நீங்க போட்டது சரி. இது பகா எண் இல்லை."

கோவிந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப தப்பு இல்லீங்களா?"

"உங்க கணக்குல தப்பில்லைம்மா. தப்பு சுவத்துலதான் இருக்குது" என்றேன்.

அப்புறம் எழுந்த கைத்தட்டல் இருக்கிறதே! விசில் அடித்தார்கள். மண்டியில் கூட வேலை செய்கிற பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சங்கீதா எங்கிருந்தோ பாய்ந்து வந்து, "அம்மா, அம்மா" என்று குதித்தாள். கிருஷ்ணப்பா யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறி, எண்ணுக்குக் கீழே "= 47 × 45698801" என்று எழுத ஆரம்பித்தார். இந்த முறை நான் கடைசி இலக்கம் வரை கீழேயே நின்று பார்த்தேன்.

நான் எழுதச் சொன்ன எண்ணே சுவரில் இருந்திருந்தால் அன்றைக்கு அத்தனை பேரும் வகுத்து, அத்தனை பேருக்கும் மீதிதான் வந்திருக்கும். அதுகூட இல்லை, யாரையும் வகுக்கவே விட்டிருக்க மாட்டேன். பகா எண், கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொற்பொழிவு ஆற்றி முடித்திருப்பேன்.

கைத்தட்டலுக்கு நடுவே தலைமையாசிரியர் எனக்கு ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். "கேளுங்க டீச்சர், இப்பவே கேளுங்க, மைக்குலயே கேளுங்க, மாட்டேன்னு சொல்ல முடியாது." எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டால் அந்தம்மா சரி என்பார், வீட்டுக்குப் போனதும் யாரோ குழப்புவார்கள். அதோடு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி கணக்கில் ஜெயித்து நிற்கிறாள். அந்த நிமிஷத்தில் அவளிடம் போய் நாம் எதையாவது கேட்டு வாங்குவதா? இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையோ பெற்றவரோ, ஜெயித்த நிமிஷத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அன்று நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

திங்கட்கிழமை சேர்க்கை. காலை பத்து மணிக்குப் பழைய ஆறு பேர்தான். பதினொன்றுக்கும் ஆறுதான். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் பைல் புரட்டிக்கொண்டிருந்தார். கோட்டை விட்டுவிட்டேன், அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மண்டி வேலை முடிகிற நேரத்துக்கு வெளியே ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் கோவிந்தம்மா முன்னால் வர, பின்னால் ஒரு கும்பலே பெண்கள், அவரவர் பிள்ளைகளோடு. கையில் அந்தத் தாள்கள்.

"டீச்சர், அன்னைக்கு எனக்கு விடை வந்ததும் கூட்டத்த முடிச்சிட்டீங்க. இவங்க போட்டத யாரு பாக்கறது? சரியா தப்பான்னு தெரியாம நாலு நாளா மண்டியில உசுர எடுக்கறாங்க. பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு நூத்தி மூணுங்க டீச்சர், ராத்திரி திருப்பிப் போட்டா வேற வருது" என்று ஒருத்தி தாளை நீட்டினார்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். சரியானதற்கு டிக். தப்பானதை அங்கேயே மேஜை மேல் வைத்துத் திரும்பப் போட வைத்தேன். டிக் வாங்கியவர்கள் நேரே பக்கத்து மேஜைக்குப் போய், விண்ணப்பத்தில் பிரிவு என்ற இடத்தில் கணக்கு என்று எழுதச் சொன்னார்கள். முதலில் போனவர் கோவிந்தம்மா. எழுதச் சொல்லவில்லை, பேனாவை வாங்கி அவரே எழுதினார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் தலைமையாசிரியர் எண்ணிப் பார்த்து, நம்பாமல் மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்பது பேர். அதில் பத்தொன்பது பேர் பெண்கள். நான் ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஆனந்தமாக அழுதேன்.

அடுத்த வருஷம் இன்னும் கூடியது. அதற்கடுத்த வருஷம் ஒரே அறையில் உட்கார வைக்க முடியாமல், கணக்குக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று தலைமையாசிரியர் எழுதிப் போட்டார். என் ஒரு போஸ்ட்டே சர்ப்ளஸ் என்று சொன்ன அதே ஆபீசுக்கு! நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இரண்டாவது பணியிடம் வந்தது. உங்களில் ஒருவர் போன மாதம் போய்ச் சேர்ந்திருப்பது அதில்தான். சேர்ந்த அன்றைக்கே எனக்குப் போன் செய்து, "இந்தச் சின்ன ஊருக்குக் கணக்கில் ரெண்டு போஸ்ட் எப்படி மேடம் கொடுத்தாங்க, யார் வாங்கித் தந்தது?" என்று கேட்டாயே பெண்ணே, காலையில் மண்டிப் பக்கம் போய்ப் பார். தக்காளி பிரித்துக்கொண்டிருப்பார்.